மாணவியின் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள்

ஆசிரியர் அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையவழிக் கற்பித்தல் தளங்களைப் பற்றிக் கல்லூரி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். தென் மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரியில் 22 ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது மூடுல் என்ற எங்கள் இணையவழிக் கற்பித்தல் தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்றும் என்னிடமே இருக்கிறது. ஆகவே நான் சொல்வது பெரும்பாலும் மூடுலைப் பற்றியே இருக்கும். வேறு தளம் பயன்படுத்துவோர் பொத்தான்களின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

*

இந்தப் பருவத்தில் மட்டும் 43 கோப்புகளைப் பதிவேற்றியிருக்கிறேன். எல்லாம் இரவில் கண்விழித்துத் தயாரித்தவை. அறிக்கையைத் திறந்து பார்த்தால் 60 பேரில் ஏழெட்டுப் பேர்தான் அவற்றைத் தொட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் "மேடம், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்கிறார்கள். இவர்களுக்கு அக்கறையே இல்லையா?
– வணிகவியல் உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்

இதே மனக்குறையோடு நான் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். 2022-இல் ஒரு பிற்பகல், ஆய்வகத்தில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம், "டைட்ரேஷன் குறிப்பைப் படித்தாயா?" என்று கேட்டேன். "தேடினேன் மேடம், கிடைக்கவில்லை" என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுடைய கைபேசியை வாங்கி நானே தேடினேன்.

முதலில் வரவேற்புப் படம். அதன்கீழ் பாடத்திட்டம், துறையின் நோக்கம், மதிப்பீட்டு முறை. பிறகு ஐந்து அலகுகளும் விரிந்து கிடந்தன. கட்டைவிரலால் 26 முறை தள்ளிய பிறகே நான்காம் அலகு வந்தது. அங்கே நான் போட்டிருந்த கோப்புக்கு "ஸ்கேன் 0047" என்று பெயர். அதைத் தொட்டால் 38 எம்பி இறங்க வேண்டும் என்றது. அந்தக் கைபேசி அவளுக்கும் அவளுடைய தம்பிக்கும் பொது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது. அது முடிந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அவள் என்னிடம் பொய் சொல்லவில்லை. என் மேசைக் கணினியின் பெரிய திரையில் அந்தப் பக்கம் அழகாகத்தான் இருந்தது; அவளுடைய ஐந்தரை அங்குலத் திரையில் அது ஒரு கிடங்கு.

எனவே, எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வகுப்பில் யாரிடமாவது கேட்டு, அவர்கள் கைபேசியில், கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் பாடப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூடுலில் மாணவராக மாறிப் பார்க்கும் வசதி இருக்கிறது. யாருக்கு எது தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்று சரிபார்க்க அது உதவும். திரையின் அளவையும் வலையின் வேகத்தையும் அது காட்டாது.

பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இருந்தாலும் நான் செய்ததைச் சொல்கிறேன். பாடப் பக்கத்தை வார வாரியாக மாற்றினேன். நடப்பு வாரம் மட்டும் விரிந்திருக்கும். முடிந்த வாரங்கள் மடங்கியிருக்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது, அதைத் தேடும் மாணவி என்ன சொல்லித் தேடுவாளோ அதையே வைக்கிறேன்: "அலகு 4 – நீரின் கடினத்தன்மை – கணக்குகள்". கைப்பட எழுதிய குறிப்புகளைக் கைபேசியில் ஸ்கேன் செய்யும்போது வண்ணப் படமாக எடுக்காமல் கருப்பு வெள்ளை முறையில் எடுக்கிறேன். பத்துப் பக்கம் பெரும்பாலும் 2 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. தட்டச்சு செய்த குறிப்பு என்றால் வேர்டு கோப்பாகப் போடுவதே இல்லை. மூடுலில் 'பக்கம்' என்ற வகையில் நேரடியாக ஒட்டிவிடுகிறேன். அது இறங்கத் தேவையில்லை, திறக்க வேறு செயலியும் தேவையில்லை. மூடுலின் கைபேசிச் செயலியில் ஒரு வாரத்தின் பாடங்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. காலையில் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டால் மாலையில் வீட்டில் வலை இல்லாமலே படிக்கலாம். இதை முதல் வாரமே வகுப்பில் செய்து காட்டுங்கள். சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும்.

அடுத்தது, 43 என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு கோப்பும் உங்கள் உழைப்பு என்பதை மதித்தே சொல்கிறேன்: அதில் பாதியை மறைத்து வையுங்கள். மீதியில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வரி எழுதுங்கள். "பக்கம் 3-இல் உள்ள பேரேட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை வாருங்கள்" என்பது போல. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத கோப்பை யாரும் திறப்பதில்லை. நானும் திறக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பாமல் அந்தப் பக்கத்தின் இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.

அந்த "ஏழெட்டுப் பேர்" கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒருத்தி இறக்கி வகுப்புக் குழுவில் போட்டிருப்பாள், முப்பது பேர் அங்கே படித்திருப்பார்கள். தளத்தின் அறிக்கையில் அது ஒன்றாகத்தான் பதிவாகும்.

*

வினா வங்கிக்காக நான் தயாரித்த 200 தமிழ் வினாக்களும் தளத்தில் ஏற்றியதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. ஒரு சொல் விடைகளில் சரியாக எழுதியவர்களுக்கும் தவறு என்று காட்டுகிறது.
– தமிழ்த்துறை, மதுரை

முதல் சிக்கல் எழுத்துருவால் வருகிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் வெளியே தெரியும். எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு குறியீட்டைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. அச்சகங்களின் பழக்கத்தால் நம் துறைகளில் பழைய எழுத்துரு இன்னும் போகவில்லை. 200 வினாக்களைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள் ஆகியவற்றை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். அங்கேதான் பிழை தங்கும். நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது, தமிழாசிரியரான உங்களுக்குச் சுவையானதும்கூட. "பௌர்ணமி" என்ற சொல்லை மாணவர் பலர் பெ, ள என்று தனித்தனியாகத் தட்டி "பெளர்ணமி" என்று எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். "ஔவை"யும் அப்படியே: ஒ, ள என்று தட்டுபவர்கள் நிறைய. மூடுலின் ஒரு சொல் வினாவில் எத்தனை விடைகளை வேண்டுமானாலும் சரி என்று சேர்க்கலாம். இரண்டு வடிவங்களையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 100 விழுக்காடு கொடுங்கள். ஒற்று மிகும் இடங்களில் ஒற்றோடும் ஒற்றில்லாமலும், இடைவெளியோடும் சேர்த்தும் என்று வடிவங்கள் பெருகும். அங்கே நட்சத்திரக் குறி இட்டால் அந்த இடத்தில் எது வந்தாலும் ஏற்கும். ஒற்றுப்பிழையையே சோதிக்கும் வினாவாக இருந்தால் மட்டும் நட்சத்திரம் வேண்டாம். அதை நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவாக மாற்றிவிடுங்கள்.

*

சென்ற மாதம் தொடர் மதிப்பீட்டுத் தேர்வை மூடுலில் வைத்தேன். காலை 10 மணி, 30 நிமிடம். ஒன்பது பேர் "கரண்ட் போய்விட்டது", "டவர் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாரையும் நம்பினால் ஏமாந்துவிடுவேனோ என்று அச்சம். நம்பாவிட்டால் உண்மையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அநீதி.
– புள்ளியியல் துறை, சேலம்

அந்த ஒன்பது பேரின் முயற்சிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வினாவின்கீழும் எந்த விடை எந்த நிமிடத்தில் சேமிக்கப்பட்டது என்ற பதிவு இருக்கும். 10.12 வரை ஒழுங்காக விடைகள் வந்து, பிறகு எதுவுமே இல்லையென்றால் அந்தப் பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மை. அப்படிப்பட்டவருக்கு மட்டும் தனி நாளும் நேரமும், இன்னொரு முயற்சியும் கொடுக்கும் வசதி மூடுலில் உண்டு. மொத்தத் தேர்வையும் மறுபடி திறக்க வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் பிள்ளையின் பக்கம் சாயுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இனி அமைப்புகள். "நேரம் முடிந்ததும் என்ன செய்வது?" என்று மூடுல் மூன்று வழிகளைக் கேட்கும். அதுவரை எழுதிய விடைகளைத் தானாகச் சமர்ப்பித்துவிடுவது ஒன்று. சமர்ப்பிக்கச் சற்று அவகாசம் தருவது ஒன்று. நேரத்துக்குள் மாணவர் தாமாகச் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் கொள்ளாமல் விடுவது மூன்றாவது. 2021 ஜூலையில் ஒரு தேர்வில் நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது அன்றைய என் எண்ணம். பதினொரு பேரின் விடைகள் கணக்கில் வராமல் போயின. அவர்களில் ஒருத்தி மலையடிவாரக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். வலை அறுந்ததும், "இணைப்பு இல்லை, விடைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. அதில் சொன்னபடியே 14 விடைகளையும் தாளில் எழுதி, பக்கத்தில் மணியும் குறித்திருந்தாள். அறிவிப்பை அவள் மதித்திருந்தாள். அமைப்பைக் கவனிக்காமல் விட்டது நான். அன்றிலிருந்து எங்கள் கல்லூரியில் எல்லாத் தேர்வுகளுக்கும் முதல் வழிதான்.

மூடுல் வழக்கமாக நிமிடத்துக்கு ஒருமுறை விடைகளைத் தானே சேமிக்கும். அடுத்த பக்கத்துக்குப் போகும்போதும் சேமிக்கும். ஆகவே 30 வினாக்களையும் ஒரே பக்கத்தில் குவிக்காமல் பக்கத்துக்கு ஐந்தாகப் பிரியுங்கள். வலை அறுந்தால் பக்கத்தை மூடாமல் காத்திருக்க வேண்டும் என்பதை மாதிரித் தேர்வு ஒன்று வைத்துப் பழக்குங்கள்.

பத்து மணி என்று ஒரே நேரத்தைக் கட்டவும் வேண்டாம். மாலை 6 முதல் இரவு 10 வரை திறந்து வையுங்கள். கால அளவு 30 நிமிடமாகவே இருக்கட்டும். வினாக்கள் வினா வங்கியிலிருந்து ஆளுக்கு ஒரு வகையாக வரட்டும். எல்லாரும் ஒரே நொடியில் நுழைந்தால் சிறிய சர்வர் திணறும். அந்தத் திணறலையும் "டவர் இல்லை" என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் அறிவித்துவிடுங்கள்: 10 மணிக்குத் தேர்வு மூடும் என்றால் 9.50-க்குத் தொடங்குபவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும், முப்பது கிடைக்காது. "9.30-க்குப் பிறகு தொடங்காதீர்கள்" என்று தேர்வின் முகப்பிலேயே எழுதுங்கள்.

*

"சோழர் கால நீர்ப்பாசனம்" என்று ஒப்படைப்பு கொடுத்தேன். 46 பேரில் 30 பேர் எழுதியது வரிக்கு வரி ஒன்று. மீதியில் பாதி செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று பார்த்தவுடன் தெரிகிறது. திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாமா?
– வரலாற்றுத் துறை, தஞ்சாவூர்

கேட்கலாம். ஆனால் அது காட்டும் விழுக்காடு ஒற்றுமையின் அளவு. அதுவே திருட்டுக்குச் சான்று ஆகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டுக்கென விதிகள் வெளியிட்டது. ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் உரிய அந்த விதிகள் மாணவர் ஒப்படைப்புகளைத் தம் வரம்பில் சேர்க்கவில்லை. 18 வயதுப் பிள்ளையின் முதல் கட்டுரையை அந்தத் தராசில் நிறுக்க வேண்டாம் என்பதே என் கருத்தும்.

நீங்கள் கொடுத்த தலைப்பை மறுபடி பாருங்கள். நூறு இடங்களில் ஆயத்தமாக எழுதப்பட்டிருக்கும் ஒன்றைக் கேட்டால், ஆயத்தமாக இருப்பதைத்தான் எடுத்துத் தருவார்கள். நீங்கள் இருப்பதோ தஞ்சாவூரில்! உங்கள் மாணவர்களின் வீட்டுக் கொல்லையில் வரலாறு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்கள் ஊர் வாய்க்கால் எதிலிருந்து பிரிகிறது? வெண்ணாறா, வெட்டாறா, குடமுருட்டியா, கல்லணைக் கால்வாயா? ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் உங்கள் ஊர் மதகுக்கு எத்தனை நாளில் தண்ணீர் வந்து சேரும்? முறை வைத்துத் தண்ணீர் விடுவது யார்? ஊரில் 60 வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். வகுப்பில் படித்த சோழர் கால ஏரி வாரியத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி சேருங்கள்." இதற்கு இரண்டு பேரின் விடை ஒன்றாக இருக்கவே முடியாது. கடைமடையில் இருக்கும் பிள்ளை எழுதுவதும், கல்லணைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுதுவதும் வேறு வேறாகத்தான் வரும். நீங்களும் படிப்பதற்கு ஆவலாக உட்காருவீர்கள்.

என் பாடத்தில் நான் செய்வதும் இதுதான். நீரின் கடினத்தன்மையைக் கணக்கிடும் சோதனைக்கு அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்கிறேன். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் எண் மாறும். யாருடைய எண்ணையும் யாரும் பார்த்து எழுதிப் பயனில்லை.

தளத்தில் இதை ஒரே ஒப்படைப்பாக வைக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். முதல் வாரம், யாரிடம் கேட்கப் போகிறோம் என்று இரண்டு வரி. இரண்டாம் வாரம், நோட்டில் கைப்பட எழுதிய குறிப்பின் புகைப்படம். மூன்றாம் வாரம் கட்டுரை. முதலிரண்டைத் திருத்த ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். கடைசி இரவில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் அவசரம் அவர்களுக்கு வராது. மூடுலில் ஒப்படைப்புக்கு உரிய நாள் ஒன்று, கடைசியாகக் கதவு மூடும் நாள் ஒன்று என்று இரண்டு தேதிகள் உண்டு. இரண்டுக்கும் இடையில் ஐந்து நாள் விடுங்கள். தாமதம் என்று சிவப்பில் காட்டும், ஆனால் ஏற்கும். அறுவடை நேரத்தில் வயலில் நிற்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள்.

*

25 மதிப்பெண் அகமதிப்பீட்டைத் தளத்தின் மதிப்பெண் ஏட்டிலேயே கணக்கிட நினைத்தேன். ஒரே ஒரு தேர்வு எழுதிய மாணவருக்கு 100 விழுக்காடு காட்டுகிறது. எங்கே தவறு?
– இயற்பியல் துறை, நாகர்கோவில்

மதிப்பெண் போடாத கட்டங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது மூடுலின் வழக்கமான அமைப்பு. பருவத்தின் நடுவில் அதுதான் நியாயம்: இன்னும் நடக்காத தேர்வுக்குச் சுழியம் போட முடியாது அல்லவா? பருவ முடிவில் அதுவே உங்களைக் குழப்புகிறது. கதவு மூடும் நாள் முடிந்ததும், எழுதாதவர்களுக்கு நீங்களே சுழியம் இடுங்கள். ஏட்டின் தனிப்பார்வைப் பக்கத்தில் வெற்றுக் கட்டங்களை மொத்தமாக நிரப்பும் வசதி இருக்கிறது.

அடுத்து, தேர்வு, ஒப்படைப்பு, கருத்தரங்கு என்று வகைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் கல்லூரியின் பங்கீட்டை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். நடுவில் எடையை மாற்றினால் எல்லாருடைய மொத்தமும் ஒரே இரவில் மாறும். மறுநாள் காலையில் உங்கள் அறை வாசலில் கூட்டம் நிற்கும். பொய் மாணவர் ஒருவரைச் சேர்த்து, அவருக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்து, தாளில் கூட்டிய கணக்கோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்த்த பிறகு மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளை அதை 59 பேர் முன்னால் பார்க்க வேண்டியதில்லை. தளத்தில் அவரவர் மதிப்பெண் அவரவருக்கு மட்டும் தெரியும். இந்த ஒரு நன்மைக்காகவே நான் மூடுலைப் பயன்படுத்துவேன்.

*

ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக வாழ்ந்தவன். என் பாடப் பக்கத்தை இளைய ஆசிரியர் ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார்; கடவுச்சொல்லும் அவரிடம் இருக்கிறது. இந்த வயதில் இதைக் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.
– கணிதத் துறை, கும்பகோணம்

ஐயா, கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள். அந்த இளைய ஆசிரியர் மேல் குறை சொல்லவில்லை. உங்கள் பெயரில் யார் மதிப்பெண் இட்டாலும் அது நீங்கள் இட்டதாகவே பதிவாகும். அவரை உங்கள் பாடத்தில் இன்னோர் ஆசிரியராகச் சேர்த்துவிட்டால் அவருடைய பெயரிலேயே அவர் உதவலாம். இது அவருக்கும் பாதுகாப்பு.

கோப்பு ஏற்றுவதையும் தேர்வு அமைப்பதையும் அவரிடமே விடுங்கள். நீங்கள் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்: மாணவர் சமர்ப்பித்ததைத் திறந்து பதில் சொல்வது. கணக்கைத் தாளில் போட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப்பாகச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். மூடுலில் அந்தத் தாளின் மேலேயே சிவப்புக் கோடு போடலாம், வட்டமிடலாம், பக்கத்தில் எழுதலாம். 30 ஆண்டுகளாக விடைத்தாளில் செய்த அதே வேலை.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. கருத்து எழுதும் பெட்டியின் மேல் ஒலிவாங்கிப் படம் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பேசினால் பதிவாகும். பொதுவாக இரண்டு நிமிடம் வரை பேசலாம். "மூன்றாவது வரியில் குறியை மாற்ற மறந்துவிட்டாய் அம்மா. முறை சரி. அங்கிருந்து மறுபடி போட்டுப் பார்" என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஒருவர் இப்படித் தொடங்கினார். தட்டச்சு அவருக்கு வராது. பருவ முடிவில் அவருடைய மாணவிகள் அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததை நானே பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருநாளும் கேள்வி கேட்காத பிள்ளைக்கு, தன் பெயரைச் சொல்லி ஆசிரியர் இரண்டு நிமிடம் பேசியது அதுதான் முதல்முறை.

மூடுலை உருவாக்கி 2002-இல் முதல் பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டுகியமாஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எட்டாத தொலைவில் இருந்ததால் வானொலி வழியாகப் பாடம் நடத்தும் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' முறையில் படித்தவர். தொலைவிலிருந்து வந்த ஆசிரியர் குரலில் படித்த சிறுவன் அமைத்த தளம் இது. உங்கள் குரலுக்கு அதில் இடம் இருக்கிறது, ஐயா.

*

விவாத மன்றம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு பதிவுகூட இல்லை. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் ஐயங்கள் வருகின்றன.
– தாவரவியல் துறை, உதகமண்டலம்

முதலில் அது எந்த வகை மன்றம் என்று பாருங்கள். பாடப் பக்கத்தில் தானாகவே இருக்கும் 'அறிவிப்புகள்' மன்றத்தில் வழக்கமாக ஆசிரியர் மட்டுமே எழுத முடியும். பலர் அதையே விவாத மன்றம் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள்.

தனி மன்றம் இருந்தும் யாரும் வரவில்லை என்றால், தவறாக எழுதிவிடுவோமோ என்ற கூச்சம்தான் காரணம். வாட்ஸ்அப்பில் வரும் ஐயத்தை, கேட்டவர் பெயரில்லாமல் நீங்களே மன்றத்தில் எழுதி, பதிலும் எழுதுங்கள். கேட்டவருக்கு அந்த இணைப்பை மட்டும் அனுப்புங்கள். ஐந்தாறு வாரம் பொறுமையாகச் செய்தால் ஆள் வரத் தொடங்கும். கேள்வி பதில் என்ற வகை மன்றமும் இருக்கிறது: தன் பதிலை எழுதிய பிறகே மற்றவர் பதிலைப் பார்க்க முடியும். "உங்கள் வீட்டைச் சுற்றி நீங்கள் பார்த்த அயல் தாவரம் ஒன்று" என்று கேட்டு அதில் தொடங்குங்கள். உங்கள் மலையில் அதற்குப் பஞ்சமில்லை. இரவு 11 மணிக்கு வரும் செய்திக்குக் காலையில் பதில் சொன்னால் போதும். அதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

*

சென்ற ஆண்டுப் பாடப் பக்கத்தையே இந்த ஆண்டும் பயன்படுத்தலாமா? பழைய மாணவர்களை நீக்கினால் போதுமா?
– பொருளியல் துறை, விழுப்புரம்

நீக்க வேண்டாம். புதிய பாடப் பக்கம் ஒன்றைத் திறந்து, பழையதிலிருந்து 'இறக்குமதி' செய்யுங்கள். பாடங்களும் வினாக்களும் வரும், மாணவர் தகவல் எதுவும் வராது. தேதிகள் எல்லாம் பழையனவாகவே வந்து நிற்கும். ஒவ்வொரு தேர்வையும் ஒப்படைப்பையும் திறந்து மாற்றுங்கள். 'ரீசெட்' என்ற பொத்தானை அழுத்தினால் மாணவர் சமர்ப்பித்தவையும் மதிப்பெண்களும் அழியும். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது அவற்றைத்தான் கேட்பார்கள். ஆகவே தேர்வு முடிவு வெளியான வாரமே பயனர் தரவோடு சேர்த்து முழு நகல் எடுத்து, கல்லூரிக் கணினியில் ஒன்றும் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்றுமாக வைத்துவிடுங்கள். அந்த நகல் சரியாகத் திறக்கிறதா என்று வெற்றுப் பாடப் பக்கம் ஒன்றில் மீட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய பக்கத்தை மறைத்து வையுங்கள்.